வேகக் காருக்கு எந்த ஆயில்?

கேனின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விஷயம்!

ஒரு காலத்தில் டர்போ பெட்ரோல் கார் என்றால் வசதி படைத்தவர்களின் விளையாட்டு. இன்று விர்ச்சுஸ் ஜிடி, ஐ20 என் லைன், வெர்னா டர்போ, எக்ஸ்யூவி700 என்று மாதத் தவணை கட்டும் குடும்பஸ்தர் வீட்டு வாசலிலேயே 120 முதல் 200 குதிரைகள் கட்டிக் கிடக்கின்றன. அதற்கும் மேலே போனால் கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் சீறின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அஜித்குமாரின் அணி களமிறங்கியது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சொந்தக் காரை விரட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வந்துவிட்டது.

இப்படிக் கார் வைத்திருப்பவர்கள் கேரேஜில் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன ஆயில் ஊத்தலாம்?"

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. ஒன்று, ஒரு பிராண்டின் பெயர். இரண்டு, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி." மூன்று, "ஃபுல்லி சிந்தெடிக் போட்டுட்டா கவலையே இல்லை." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், மூன்றையும் கேட்டு முடித்த பிறகும், கடையில் எந்த கேனை எடுப்பது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள கேனைத் திருப்ப வேண்டும்.

எண்கள் சொல்லும் கதை

5டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் இன்ஜினைச் சுழற்ற அந்த ஆயில் எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதற்கான மதிப்பெண். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி கொட்டும் அதிகாலையில்கூட நமக்கு அந்தச் சோதனை வரப்போவதில்லை.

நமக்கு வேண்டியது பின்னால் உள்ள எண். 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை அது சொல்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த கணக்குப்படி, சென்டிஸ்டோக் என்ற அலகில், 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண 5டபிள்யூ-40 ஆயில் ஒன்று, 100 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக் இருக்கும். காலையில் 25 டிகிரியில் காரை ஸ்டார்ட் செய்யும்போது அதே ஆயில் 160-ஐத் தொடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். அதே ஆயிலை டிராக்கில் விரட்டி 130 டிகிரிக்குச் சூடேற்றினால் 8-க்குக் கீழே இறங்கிவிடும். அதாவது, 20 கிரேடு ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு மெலிதாக இருக்குமோ, அந்த அளவுக்கு.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது எந்த ஆயில் போட்டிருந்தாலும் தவறு. கூலன்ட் முள் நடுவில் வந்து நின்றுவிட்டாலும், ஆயில் சூடாக அதன் பிறகும் சில நிமிடங்கள் பிடிக்கும். அடுத்தது, ஆயிலின் கிரேடைத் தீர்மானிக்க வேண்டியது ஊர் வெயில் அல்ல. ஓட்டுபவரின் வலது கால். சித்திரை வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் நின்றாலும், கூலன்டும் தெர்மோஸ்டாட்டும் இன்ஜின் சூட்டை ஒரு கட்டுக்குள்தான் வைத்திருக்கும். அந்தக் கட்டை உடைப்பது தொடர்ந்த அதிவேகமும் அதிக ஆர்பிஎம்மும்தான்.

ஒரே இன்ஜின், இரண்டு ஆயில்

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் கார்வெட். 2014-ல் வந்த ஏழாம் தலைமுறை கார்வெட்டுக்கு, தினசரி ஓட்டத்துக்கு 5டபிள்யூ-30 ஆயிலைத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. அதே காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனால் 15டபிள்யூ-50-க்கு மாற்ற வேண்டும், சாலைக்குத் திரும்பும்போது மறுபடி 5டபிள்யூ-30 என்று கையேட்டிலேயே எழுதிவைத்தது. காரும் இன்ஜினும் மாறவில்லை. ஓட்டும் விதம் மாறியது. அதனால் ஆயிலும் மாறியது. இந்த மாற்றல் வேலையே வேண்டாம் என்று 2019 மாடலுக்கு இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40-ஐ அறிவித்தது.

ஃபோர்டு மஸ்டாங்கிலும் இதே கதை. 5 லிட்டர் வி8 இன்ஜின் உள்ள சாதாரண மஸ்டாங் ஜிடிக்கு அமெரிக்காவில் 5டபிள்யூ-20 என்று இருந்தது. அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த, டிராக்குக்கென்று தயாரான பாஸ் 302 மாடலுக்கு 5டபிள்யூ-50. எரிபொருள் சிக்கன விதிகள் ஒரு பக்கம் மெல்லிய ஆயிலை நோக்கித் தள்ளுகின்றன. டிராக்கின் சூடு மறுபக்கம் இழுக்கிறது. கையேட்டில் உள்ள எண், இந்த இழுபறியில் கம்பெனி எடுத்த முடிவு. அந்த முடிவு நாம் ஓட்டும் விதத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

கெட்டி ஆயில் கவசமா?

அப்படியானால் 50, 60 என்று மேலே போய்விட்டால் பாதுகாப்புதானே? பிஎம்டபிள்யூவின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது.

2000-களின் தொடக்கத்தில் வந்த எம்3 காரின் எஸ்54 இன்ஜின் 8,000 ஆர்பிஎம் வரை சுழலும். ஆரம்பத்தில் வந்த கார்களில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சேதமாகின்றன என்ற புகார் கிளம்பியது. கார்களைத் திரும்ப அழைத்து பேரிங் மாற்றினார்கள். ஆயிலும் 10டபிள்யூ-60 ஆனது. அடுத்து வந்த வி8 எம்3, வி10 எம்5 கார்களுக்கும் அதே 10டபிள்யூ-60. ஆனாலும் பேரிங் தேய்மானம் அந்த இன்ஜின்களை விடவில்லை. இன்றும் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள், கோளாறு வரும் முன்பே பேரிங்கை மாற்றிக்கொள்கிறார்கள்.

கெட்டி ஆயில் மட்டும் ஏன் போதாது என்பதற்குக் காரணம் எளிது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் சில மைக்ரான் தடிமனில் ஓர் ஆயில் படலம் இருக்கிறது. உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது அந்தப் படலம்தான். ஆயில் மெலிந்தால் படலம் அறுந்துவிடும். ஆயில் தேவைக்கு மேல் தடித்தால் அந்த இடுக்கில் புகுந்து வெளியேற நேரமாகும். சூட்டை வெளியே கொண்டுபோவது குறையும். பம்ப்புக்கும் வேலை கூடும். இடுக்கின் அளவு, பம்ப்பின் திறன், ஆயிலின் தடிமன் மூன்றையும் சேர்த்துத்தான் இன்ஜினை வடிவமைக்கிறார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் நாம் மாற்றினால் கணக்கு இடிக்கும்.

எதிர்முனையில் டொயோட்டா ஜிஆர் யாரிஸ். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், 250-க்கு மேல் குதிரைத்திறன். இவ்வளவு முறுக்கேறிய இன்ஜினுக்கு அந்தக் கம்பெனி சொல்வது 0டபிள்யூ-20. தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று நம் மெக்கானிக் முகம் சுளிக்கலாம். இன்ஜின் அதற்காகவே பிறந்தது.

கிரேடு எண்ணைவிட நம்பகமான இன்னோர் அளவும் உண்டு. அதன் பெயர் ஹெச்டிஹெச்எஸ். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நடப்பதைப் போல ஆயிலைக் கசக்கிப் பிழிந்து, அப்போதும் எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்று பார்க்கும் சோதனை இது. 20 கிரேடு ஆயிலுக்கு இது குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30-க்கு 2.9; 5டபிள்யூ-40-க்கு 3.5. வேகமாக ஓட்டுபவர்கள் மனதில் வைக்க வேண்டிய எண் 3.5. சில 5டபிள்யூ-30 ஆயில்களும் இந்த 3.5-ஐத் தாண்டும். ஆகவே, ஒரே கிரேடு என்பதாலேயே இரண்டு கேன்களும் ஒன்றாகிவிடாது.

டர்போ கொடுக்கும் தலைவலி

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 முறைக்கு மேல் சுழலும். அதன் ஒரு முனையில் 900 டிகிரியை நெருங்கும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது நம் ஆயில்தான். விரட்டி ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை அணைத்தால், டர்போவுக்குள் தேங்கிய ஆயில் வெந்து கரியாகப் படியும். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்து நிறுத்துவது, எந்த விலையுயர்ந்த ஆயிலும் செய்யாத உதவியைச் செய்யும்.

அடுத்த ஆபத்துக்கு எல்எஸ்பிஐ என்று பெயர். குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது வருவது இது. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அடியில் பிஸ்டனே உடைந்த கதைகள் உண்டு. ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று ஆய்வுகளில் தெரிந்ததும், அதில் ஒரு பகுதியை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். இதற்கான சோதனையோடு 2018-ல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதத்தில் எஸ்பி என்ற தரங்களை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. கொண்டுவந்தது. 2025-ல் எஸ்க்யூ வந்துவிட்டது.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ காருக்கு, கேனில் எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். எஸ்எல், எஸ்எம் தர கேன்கள் இன்றும் கடை அலமாரிகளில் இருக்கின்றன. பழைய கார்களுக்கு அவை தாராளமாகப் போதும். உங்கள் டர்போவுக்கு வேண்டாம். லாரிக்கும் டீசல் ஜீப்புக்கும் ஊற்றும் 15டபிள்யூ-40-ஐ "அதே நல்ல ஆயில்தான் சார்" என்று யாராவது நீட்டினால், மறுத்துவிடுங்கள்.

மூன்றாவது தலைவலி, ஆயிலில் பெட்ரோல் கலப்பது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவது, மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்று நகருக்குள்ளேயே புழங்கும் காரில் ஆயில் முழுச் சூடு ஏறுவதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியே கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். வாரம் முழுக்க இப்படி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் விரட்டுபவருடைய ஆயில், கேனில் போட்டிருக்கும் கிரேடாக அப்போது இருக்காது.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்றால்?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல் ஆயில். அதையே ஹைட்ரஜன் கொண்டு மூலக்கூறு அளவில் மாற்றியமைத்தால் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெய். வேதியியல் முறையில் கட்டியெழுப்பும் பிஏஓ நான்காம் வகை. எஸ்டர் போன்றவை ஐந்தாம் வகை. மூன்றாம் வகையை சிந்தெடிக் என்று சொல்லி விற்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ரோலுக்கும் அமெரிக்காவில் பெரிய தகராறே நடந்தது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு 1999-ல் காஸ்ட்ரோல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து பல நாடுகளில் மூன்றாம் வகையும் 'ஃபுல்லி சிந்தெடிக்'தான்.

மூன்றாம் வகை மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. இன்று கம்பெனிகள் ஒப்புதல் தந்திருக்கும் அருமையான ஆயில்கள் பல அதிலிருந்துதான் வருகின்றன. அந்த வார்த்தையை மட்டும் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் சேதி.

கேனைத் திருப்புங்கள்

பின்பக்கம் பொடி எழுத்தில் சில குறியீடுகள் இருக்கும். ஏ.பி.ஐ. எஸ்பி என்பது அடிப்படைத் தகுதி. ஐரோப்பியக் கார் கம்பெனிகள் சங்கத்தின் ஏ3/பி4, சி3 ஆகிய தரங்கள் ஹெச்டிஹெச்எஸ் 3.5-க்குக் குறையக் கூடாது என்று கேட்பவை. சி வரிசை ஆயில்களில் சாம்பலும் பாஸ்பரஸும் குறைவு. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் புகை வடிகட்டிக்கும் நல்லது.

இவற்றுக்கெல்லாம் மேலே, கார் கம்பெனிகள் தாங்களே சோதித்துத் தரும் ஒப்புதல். ஃபோக்ஸ்வாகன் 502.00, 504.00, 508.00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.5, போர்ஷ் ஏ40 என்று போகும். ஃபோக்ஸ்வாகனின் 508.00 என்பது மெல்லிய 0டபிள்யூ-20. 504.00-க்காகப் பிறந்த பழைய இன்ஜினில் அதை ஊற்றக் கூடாது. இரண்டுமே ஒரே கம்பெனியின் எண்கள்தான். ஆனால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கிடையாது.

இங்கே ஒரு சொல்லில் ஏமாற வாய்ப்புண்டு. 'அப்ரூவ்டு' என்று இருந்தால், அந்த கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்', 'ரெக்கமண்டட் ஃபார்' என்று இருந்தால், ஆயில் கம்பெனி தானே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ். நல்ல ஆயிலாகவே இருக்கலாம். வாரன்டி தகராறு வந்தால் உங்கள் பக்கம் நிற்காது.

நீங்கள் எந்த ரகம்?

தினமும் அலுவலகம், எப்போதாவது நெடுஞ்சாலை: கையேட்டில் உள்ள கிரேடு, கையேட்டில் உள்ள குறியீடு. அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

வார இறுதியில் ஏற்காடு, கொல்லிமலை என்று வளைவுகளில் விரட்டுபவர்: கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு அனுமதித்திருந்தால், அதில் உயர்ந்த ஹெச்டிஹெச்எஸ் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

கூடுதல் சக்திக்காக இன்ஜின் கணினியை ரீமேப் செய்தவர், டிராக் டே போகிறவர்: உங்களுக்குத்தான் ஒரு படி மேலே ஏறும் நியாயம் இருக்கிறது. 30 என்றால் 40. ஒரு படி போதும்; 60-க்குத் தாவ வேண்டாம். முதல் வேலையாக ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். 130-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் ஆயில் கூலர் தேவை. சில நேரம் குறை ஆயிலின் தடிமனில் இருக்காது. நீண்ட வளைவில், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அதற்குத் தடுப்புத் தகடு வைத்த சம்ப்தான் மருந்து. பந்தயத்துக்கென்று பிறந்த போர்ஷ் ஜிடி3 போன்ற கார்களில், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் 'டிரை சம்ப்' இருப்பது இதற்காகத்தான்.

'ரேஸிங் ஆயில்' என்று தனியாக விற்பவற்றில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். அழுக்கைக் கழுவிச் சுமக்கும் திறன் பெரும்பாலும் குறைவு. பந்தயம் முடிந்ததும் வடித்துவிடும் கார்களுக்கு அது சரி. மாதக்கணக்கில் ஓடும் சாலைக் காரில், அந்தப் பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

கேரேஜில் கண் வையுங்கள்

சமதளத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. முனையை மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, அளவும் போன மாதத்தைவிட உயர்ந்திருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். நிறம் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுக்கைச் சுமக்கிறது என்று அர்த்தம். விரலில் தேய்த்து "பிசுபிசுப்பு இருக்கு, இன்னும் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 14 சென்டிஸ்டோக்கையும் 11-ஐயும் விரல் பிரித்தறியாது.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், கூடவே புது ஆயில் ஃபில்டர். கேனின் சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். காலி கேனை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். போலி ஆயில் நிரப்புபவர்களுக்கு அசல் கேன்தான் மூலதனம். குறியீடும் கிரேடும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். வடித்த ஆயில் சாக்கடைக்குப் போகாமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேண்டவே வேண்டாம்

* ஆயிலோடு கலக்கும் 'பவர் பூஸ்டர்' பாட்டில்கள். முழுமையாகச் சமன் செய்த கலவையை அவை கலைக்கும்.
* மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.
* கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது. கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கு ஜாசோ எம்ஏ, எம்ஏ2 தர ஆயில்தான். இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கலாம்.
* வழியில் ஆயில் குறைந்துவிட்டால், "வேறு பிராண்ட் ஆச்சே" என்று தயங்கி அப்படியே ஓட்டுவது. ஏ.பி.ஐ. தர ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அதே கிரேடு, அதே தரமென்றால் தைரியமாக ஊற்றலாம்.

கடைசியாக, காசுக் கணக்கு. உலகின் விலையுயர்ந்த ஆயிலை ஊற்றி 15,000 கிலோமீட்டர் இழுத்தடிப்பவரின் இன்ஜினைவிட, கையேடு சொன்ன ஒப்புதல் உள்ள ஆயிலை ஊற்றி 7,000-லேயே மாற்றுபவரின் இன்ஜின் நன்றாக இருக்கும். ஆகவே முதலில் குறியீடு, அடுத்து கிரேடு, கடைசியாக பிராண்ட். மிச்சமாகும் காசில் அடுத்த ஆயில் சர்வீஸைச் சீக்கிரம் செய்துவிடுங்கள்.